நிலத்தடி இருளை அளக்கும் மனிதர்கள்

வாலிகண்டபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு சுரங்கக் கதையைக் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் ஒரு வழி இருக்கிறதாம். அது பூமிக்கு அடியில் காத தூரம் செல்கிறதாம். அந்தக் காலத்தில் குதிரை வீரன் ஒருவன் அதற்குள் நுழைந்து வேறோர் ஊரில் வெளியேறினானாம். இன்றோ அதற்குள் ஜின்கள் குடியிருக்கின்றனவாம். இரவு உணவு முடிந்து, பாய் விரித்துப் படுத்த பிறகு எங்கள் நன்னி இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் போர்வை தலைக்கு மேல் ஏறிவிடும்.

எங்கள் ஊரின் மெய்யான வரலாறே கதைக்குச் சற்றும் குறைந்ததன்று. 1670களில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடிதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்ற இடம் கொடுத்தார். 1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் மோதியபோது, ஒரு பக்கம் ஆங்கிலேயரும் மறு பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று இங்கே போரிட்டார்கள். அத்தகைய மண்ணில், நிலவறைகளைக் கொண்ட ஒரு கோட்டை இருக்குமானால் சுரங்கக் கதை பிறக்காமல் எப்படி இருக்கும்?

சென்ற விடுமுறையில் மஸ்கட்டிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், வீட்டுப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லப் போவதாகச் சொன்னதும் வீட்டில் ஒரு சிறு புயலே வீசியது.

"வேணாம்ப்பா, அந்த இருட்டுக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதே" என்றார் என் தங்கை.

"உள்ளே போகப் போறதில்லம்மா. வெளியே நின்னு அளக்கப் போறோம், அவ்வளவுதான்" என்றான் அவன்.

அளப்பதா? எதற்கு? என்று நான் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலும், பிறகு நான் தேடிப் படித்தறிந்த செய்திகளுமே இந்தக் கட்டுரை.

ஜின்களின் கிணற்றுக்குள் எட்டுப் பேர்

யமன் நாட்டின் கிழக்குக் கோடியில், ஓமன் எல்லைக்கு அருகே, மஹ்ரா மாகாணத்துப் பாலைவனத்தில் பர்ஹூத் என்ற பெருங்குழி உண்டு. அதன் வாய் 30 மீட்டர் அகலம். அது ஜின்களின் சிறைச்சாலை என்றும், அருகே செல்வோரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் அந்த வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். அதன் பெயரை உச்சரிப்பதே தீமையைக் கொண்டுவரும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

2021 செப்டம்பரில் ஓமன் நாட்டுக் குகை ஆய்வுக் குழுவினர் பத்துப் பேர் அங்கே சென்றார்கள். இருவர் மேலே காவல் நிற்க, எட்டுப் பேர் கயிற்றைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். ஓமனில் உள்ள ஜெர்மன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் முகம்மது அல் கிந்தியும் அவர்களுள் ஒருவர். தரையைத் தொட்டபோது அவர்கள் இறங்கியிருந்த ஆழம் 112 மீட்டர்.

அங்கே என்ன இருந்தது? பாறை இடுக்குகளிலிருந்து விழும் சிற்றருவிகள் இருந்தன. பாம்புகளும் தவளைகளும் வண்டுகளும் இருந்தன. உள்ளே விழுந்து இறந்துபோன பறவைகள், விலங்குகளின் உடல்கள் கிடந்தன. மேலே வீசிய துர்நாற்றத்துக்கு அவையே காரணமாக இருந்திருக்க வேண்டும். இவற்றோடு கண்கொள்ளாக் காட்சியாக, சொட்டும் நீரின் சுண்ணாம்பு ஒரு மணல் துகளைச் சுற்றிச் சுற்றிப் படிந்து உருண்டையான 'குகை முத்துக்கள்' தரையெங்கும் கிடந்தன. நீர், மண், பாறை ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரும் பத்திரமாக மேலே வந்தார்கள்.

ஜின் என்றொரு படைப்பு உண்டு என்பது நம் ஈமானைச் சார்ந்தது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கண்ட குழியையும் பாழடைந்த கோட்டையையும் அவற்றின் விலாசமாக எழுதி வைத்தது மனிதர்களின் கற்பனை. ஓமனிலேயே ஸெல்மா பீடபூமியில் 'மஜ்லிஸ் அல் ஜின்' என்று பெயர் பெற்ற மாபெரும் குகை இருக்கிறது. 1983இல் அமெரிக்க ஆய்வாளர் டான் டேவிசன் அதனுள் இறங்கியபோது 120 மீட்டர் உயரமுள்ள ஒரே கூடத்தைக் கண்டார். மேற்கூரையின் துளைகள் வழியே சூரிய ஒளி தூண்போல் இறங்கிக்கொண்டிருந்தது. ஹிராக் குகையையும் தவ்ருக் குகையையும் உள்ளத்தில் சுமந்து வாழும் சமுதாயத்துக்குக் குகை என்பது அச்சத்தின் இடமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

மேகங்களின் நாட்டில்

ஓமன் வரை போவானேன்? நம் இந்திய நாட்டிலேயே இத்தகைய குகைப் பயணக் குழு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடையறாது பணியாற்றி வருகிறது. மேகாலய மாநிலத்தின் ஷில்லாங் நகரைச் சேர்ந்த 'மேகாலயா அட்வெஞ்சரர்ஸ் அசோசியேஷன்' என்பது அதன் பெயர். வங்கிப் பணியில் இருந்த பிரையன் கர்பிரான் டாலி என்பவர் அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர்.

1992இல் பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்களோடு சேர்ந்து இவர்கள் தொடங்கிய கூட்டுப் பயணம், 'மேகங்களின் உறைவிடத்தில் குகைப் பயணம்' என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது. ஆண்டுதோறும் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் பல நாடுகளிலிருந்தும் ஆர்வலர்கள் வந்து கூடுகிறார்கள். அவர்களுள் பொறியாளர்கள், ஆசிரியர்கள், உயிரியல் அறிஞர்கள் எனப் பலதரப்பட்டோர் உண்டு. கிராமத்து ஓரத்தில் மூங்கில் கொட்டகை போட்டுக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களின் அனுமதியோடும் வழிகாட்டலோடும் வேலையைத் தொடங்குகிறார்கள். வழி தெரிந்தவர்கள் ஊர்க்காரர்களே. எந்தச் சரிவில், எந்தப் புதருக்குப் பின்னால் குளிர்ந்த காற்று வருகிறது என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தேன் எடுப்பவருக்கும்தானே தெரியும்?

இதுவரை அந்த மாநிலத்தில் 1,700க்கும் மேற்பட்ட குகைகள் அறியப்பட்டுள்ளன. 500 கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தடி வழிகள் அளந்து வரையப்பட்டுள்ளன. வாலிகண்டபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஏறத்தாழ இணையான வழியை, இருளில் நடந்தும் தவழ்ந்தும் நீந்தியும் இவர்கள் அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறார்கள்!

காசி மொழியில் குகைக்குக் 'கிரெம்' என்று பெயர். ஜைந்தியா மலையில் உள்ள 'கிரெம் லியாட் பிரா' சுமார் 31 கிலோமீட்டர் நீளமுடையது. இந்தியாவின் மிக நீண்ட குகை. அதன் முதன்மைக் கூடம் அத்தனை பெரிதாக இருப்பதால் அதற்கு 'விமானக் கொட்டகை' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். மௌசின்ராம் வட்டாரத்தில் 2016இல் கண்டறியப்பட்ட 'கிரெம் பூரி' மணற்பாறையில் அமைந்த குகை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 25 நாட்கள் அளந்து அதன் நீளம் 24.5 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். மணற்பாறைக் குகைகளுள் உலகிலேயே மிக நீண்டது அதுதான். அதற்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்றிருந்த வெனிசுலா நாட்டுக் குகையின் நீளம் சுமார் 18 கிலோமீட்டரே.

மழையும் சுண்ணாம்பும்

குகை எவ்வாறு உண்டாகிறது? வானிலிருந்து விழும் மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து வழி உண்டாக்குகிறது. முதலில் நூல் நுழையும் இடைவெளி. பிறகு கை நுழையும் துளை. பின்னர் ஆறே ஓடும் அளவுக்கு அகன்ற மண்டபம்.

மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. மழையும் சுண்ணாம்புப் பாறையும் மலைச்சரிவும் ஒருங்கே அமைந்ததால் அங்கே குகைகள் மலிந்தன. நம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சுண்ணாம்புப் பாறைக்குக் குறைவில்லை. சிமெண்டு ஆலைகள் பெருகியதே அதனால்தான். ஆனால் அத்தகைய மழையும் மலைச்சரிவும் நமக்கு வாய்க்கவில்லை.

எனினும் மேகாலயத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. கிரெம் பூரியின் பாறைகளில், சுமார் 6.6 கோடி முதல் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மோசசாரஸ் என்னும் மாபெரும் கடல் ஊர்வனவற்றின் எச்சங்கள் கிடைத்தன. அதே கிரீத்தேசியக் காலத்தில் நம் அரியலூர்ப் பகுதியையும் கடல் மூடியிருந்தது. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் கிடைக்கும் சுருள் வடிவ அம்மோனைட்டுகள் அந்தக் கடல் விட்டுச் சென்ற சாட்சிகள். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். நம் காலடியில் இருப்பதும் ஒரு நிலத்தடி நூலகமே!

ஒரு சொட்டு நீர் சொன்ன செய்தி

சிரபுஞ்சிக்கு அருகே 'கிரெம் மௌம்லு' என்ற குகை இருக்கிறது. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர், சொட்டுக்குச் சொட்டு நுண்ணிய சுண்ணாம்பைத் தரையில் விட்டுச் செல்கிறது. அது மெழுகுவர்த்திபோல் மெல்ல மெல்ல மேல்நோக்கி வளர்கிறது. மரத்தின் வளையங்கள் வயதைச் சொல்வதுபோல் இந்தக் கல்லின் படலங்கள் அந்தந்தக் காலத்து மழையளவைச் சொல்கின்றன.

மௌம்லுவில் கிடைத்த ஒரு கல்லை ஆராய்ந்த அறிஞர்கள், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுவிழந்து போனதைக் கண்டார்கள். அக்காலத்தில் நிலவிய நீண்ட வறட்சி எகிப்திலிருந்து சிந்துவெளி வரை நாகரிகங்களைத் தாக்கியது என்பது ஆய்வாளர்களின் கருத்து. 2018 ஜூலையில் பன்னாட்டு நிலவியல் அமைப்பு, அன்று தொடங்கி இன்றுவரையுள்ள காலப்பகுதிக்கு 'மேகாலய காலம்' என்றே பெயரிட்டது. நாம் வாழும் இக்காலத்தின் பெயரே ஓர் இந்தியக் குகையிலிருந்து பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உம் லாடாவ் என்னும் மற்றொரு மேகாலயக் குகையின் நீரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்த குருட்டு மீன்களைக் கண்டார்கள். உலகில் இதுவரை அறியப்பட்ட குகை மீன்களுள் இவையே மிகப் பெரியவை. வெளிச்சமே புகாத இடத்திலும் தன் படைப்புக்கு உணவளிப்பவனின் ஆற்றலை என்னவென்று சொல்வது!

எப்படிச் செல்கிறார்கள்?

வீரத்தைக் காட்டுவதற்காக இவர்கள் உள்ளே போவதில்லை. இவர்களின் பயணத்தில் வீரத்தைவிட ஒழுங்கே மிகுதி. தனியாக எவரும் செல்வதில்லை. குறைந்தது நான்கு பேர் செல்வது நல்லது என்கிறார்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, மற்ற இருவர் உதவி தேடி வெளியே வரலாம். தலைக்கவசத்தில் ஒரு விளக்கு, அதுபோக மாற்று விளக்குகள் என ஆளுக்கு மூன்று ஒளிச் சாதனங்கள் வேண்டும். எந்தக் குகைக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். குறித்த நேரம் தவறினால் தேடுதல் தொடங்கிவிடும். மழை வரும் அறிகுறி தென்பட்டால் அன்றைய பயணம் இல்லை.

உள்ளே சென்றதும் ஒருவர் முன்னே போய் ஓர் இடத்தில் நிற்கிறார். மற்றொருவர் அவர் நிற்கும் தொலைவையும் திசையையும் சரிவையும் கருவியால் அளந்து உரக்கச் சொல்கிறார். முன்பு அளவு நாடாவும் திசைகாட்டியும் பயன்பட்டன. இப்போது லேசர் கருவி. மூன்றாமவர் நனையாத குறிப்பேட்டில் எண்களை எழுதி வழியை வரைகிறார். பிறகு அடுத்த இடம், அதற்கடுத்த இடம். சேறு முழங்காலுக்கு மேல் ஏறும். சில இடங்களில் நெஞ்சு தரையில் பட ஊர்ந்து செல்ல வேண்டும். மாலையில் முகாமுக்குத் திரும்பி, அன்றைய அளவுகளை வைத்து வரைபடத்தை வளர்க்கிறார்கள்.

இவர்களின் வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய குறி. சென்று பார்க்காத கிளை வழி ஒன்று இருக்குமானால், அது எங்கே போகும் என்று ஊகித்து அவர்கள் வரைவதில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவிடுகிறார்கள்.

பொழுதுபோக்கா, பொதுநலமா?

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று வாசகர்கள் கேட்கலாம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தம் லுவாங் குகைக்குள் சென்ற பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சூழப்பட்டு உள்ளே சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 2 அன்று அவர்களை உயிரோடு கண்டவர்கள் ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரு ஆங்கிலேயர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர் கணினித் துறையில் பணியாற்றுபவர். குகை நீச்சலை விருப்பக் கலையாகப் பயின்றவர்கள். ஆஸ்திரேலிய மயக்க மருந்து மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸும் அதே கலையை அறிந்தவர். ஜூலை 10ஆம் நாளுக்குள் பதின்மூவரும் மீட்கப்பட்டார்கள். அந்தப் பணியில் தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமன் குனான் தம் உயிரை ஈந்தார் என்பதையும் மறக்கலாகாது. ஓய்வு நாட்களில் சேற்றில் புரண்ட சிலருடைய அனுபவம் இல்லையெனில் அந்தப் பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும்?

நம் நாட்டிலும் 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் சிக்கியிருந்தபோது, இயந்திரம் பழுதான கடைசி மீட்டர்களைக் கையாலேயே தோண்டி வழி திறந்த தொழிலாளர்களுள் வகீல் ஹசனும் முன்னா குரைஷியும் இருந்தார்கள். நிலத்தடியை அறிந்தவர்களின் அருமை அன்று நாடு முழுவதற்கும் தெரிந்தது.

மேகாலயக் குழுவினருக்கு வேறொரு கவலையும் உண்டு. குகைகளைத் தாங்கும் அதே சுண்ணாம்புப் பாறைதான் சிமெண்டுக்கும் மூலப்பொருள். மலையை வெட்டினால் குகை போகும். குகை போனால் அதனுள் ஓடும் நீரும் போகும். கிராமத்து ஊற்றும் வற்றும். சிமெண்டு இல்லாமல் வீடும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் எதை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? அந்த வரைபடங்களின் முதற்பயன் இதுவே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2006இல் கொடைக்கானலின் குணா குகைப் பிளவுக்குள் விழுந்த இளைஞரை அவருடைய நண்பரே இறங்கி மீட்ட நிகழ்ச்சி, 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளத் திரைப்படமாக வந்து நம் வீடுகளிலும் பேசப்பட்டது. அந்த நட்பை வியக்கும் நம் இளைஞர்கள், அந்த விபத்து தடுப்பைத் தாண்டியதால் நேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நம் பகுதியில் குகை இல்லாவிட்டாலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. கரை செங்குத்தாக இருப்பதால் இறங்கியவர் ஏறுவது கடினம். நெடுநாள் மூடிக் கிடந்த கிணறுகளிலும் நிலவறைகளிலும் நச்சுக்காற்று தங்கியிருக்கக்கூடும். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பழைய வழக்கம். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் சில நச்சு வாயுக்கள் விளக்கை அணைக்காமலே ஆளைக் கொன்றுவிடும். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கி ஒரு குடும்பத்தில் பலர் மாண்ட செய்திகளை நாம் நாளிதழ்களில் படிக்கிறோம். அத்தகைய நேரத்தில் தீயணைப்புத் துறையை அழைப்பதே அறிவுடைமை.

பிள்ளைகளின் ஆர்வத்தை அடக்கவும் வேண்டாம். ஆந்திர மாநிலத்துப் பேலம் குகைகளுக்குக் குடும்பத்தோடு சென்று வரலாம். 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் குறிப்பிட்ட அக்குகைகளை 1982, 83ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியர் ஹெர்பர்ட் டேனியல் கெபவர் தலைமையிலான குழு ஆராய்ந்து அளந்தது. 3,229 மீட்டர் நீளத்தில் ஒரு பகுதி விளக்கு வசதியோடு மக்களுக்குத் திறந்து விடப்பட்டுள்ளது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தையும் அரியலூர் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் ஒருநாளில் பார்த்துத் திரும்பலாம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை

ஜும்ஆ தொழுதுவிட்டுப் பிள்ளைகளோடு கோட்டைக்குப் போன என் தங்கை மகன் மாலையில்தான் திரும்பினான். மூடிய பகுதி எதற்குள்ளும் அவர்கள் நுழையவில்லை. முற்றத்தையும் மதிலோரத்தையும் படிக்கட்டுகளையும் ஒரு நீண்ட கயிற்றாலும் தையல் நாடாவாலும் அளந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, கணக்கு நோட்டின் நடுத்தாளில் அதை அழகாக வரைந்திருந்தாள்.

என் மனைவி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், சுரங்கத்தைக் காணோமே?" என்றார்.

"நாங்க அதைப் பார்க்கல நன்னி. பார்க்காததை வரையக் கூடாதாம்" என்றாள் பேத்தி. பிறகு கோட்டையின் ஒரு மூலையில் விரலை வைத்துக் காட்டினாள். அங்கே பென்சிலால் சிறியதாக ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள்.

அறுபது ஆண்டுகளாக நான் கேட்டு வந்த கதைக்கு அதைவிட நேர்மையான விடையை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நம் பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி எழுதவும், காணாததைக் கேள்வியாகவே வைத்திருக்கவும் பழகட்டும். நன்னிமார்கள் கதைகளையும் தொடர்ந்து சொல்லட்டும். அந்தக் கதை இல்லையென்றால் அன்று எவரும் நாடாவை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போயிருக்கவே மாட்டார்கள்.